லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்குக் காரில்: வழியில் எங்கே சாப்பிடுவது?

மே மாதம் பிறந்தால் போதும், ஒரே கேள்வி வெவ்வேறு வாயிலிருந்து வர ஆரம்பித்துவிடும். "கிளாஸ்கோ வரைக்கும் காரில் போகிறோம், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், நடுவில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?" போன வாரம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் வீட்டில் புளியோதரை கட்டுவதா வேண்டாமா என்று பஞ்சாயத்தே நடக்கிறதாம். இன்னொருவருக்கு, வழியில் எம்6 மோட்டார்வேயில் வரும் டீபே என்ற நிறுத்தத்தைப் பற்றி, "எல்லாரும் டீபே டீபே என்கிறார்களே, அவ்வளவு நல்லதா?" என்ற சந்தேகம். தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது. மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

தூரத்தை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லண்டனிலிருந்து கிளாஸ்கோ ஏறக்குறைய 400 மைல். எம்1-இல் ஏறி, எம்6-க்கு மாறி, கார்லைல் தாண்டியதும் எம்74 (எம் என்றால் மோட்டார்வே). நிற்காமல் ஓட்டினாலே ஏழு மணி நேரம் ஆகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குறைந்தது 15 நிமிடம் ஓய்வெடுக்கச் சொல்கிறது பிரிட்டனின் சாலை விதித் தொகுப்பான ஹைவே கோடின் 91-ஆவது விதி. ஆக, மூன்று தடவையாவது வண்டியை நிறுத்தத்தான் போகிறீர்கள். அந்த மூன்றில் எதில் சாப்பாடு, எதில் வெறும் கழிப்பறை என்பதுதான் முடிவு செய்ய வேண்டியது. பெரும்பாலானோர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பணம் போவதும் மனம் கசப்பதும் அங்கேதான்.

## எதை வைத்து எடை போடுவது?

ருசியை நான் கடைசியில்தான் வைப்பேன். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் 400 மைல் பயணத்தில் ருசியால் கெட்ட நாளைவிட, நேரத்தால் கெட்ட நாள்தான் அதிகம்.

முதலாவது, மொத்த நிமிடம். தட்டு வரும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது. சாலையை விட்டு இறங்கி, வண்டி நிறுத்தி, வரிசையில் நின்று, சாப்பிட்டு, மறுபடி சாலையில் ஏறும் வரை எல்லாம் சேர்த்துப் பாருங்கள். இரண்டாவது, வண்டியில் உள்ள எல்லோருக்கும் சேர்த்து ஆகும் செலவு. மூன்றாவது, வண்டியில் யார் யார் இருக்கிறார்கள்: சைவமா, மாட்டிறைச்சி மட்டும் வேண்டாமா, ஹலால் வேண்டுமா, ஐந்து வயதுப் பிள்ளை உண்டா, சர்க்கரை உள்ள பெரியவர் உண்டா. நான்காவது, கடிகாரமும் கிழமையும். பிரிட்டனில் நல்ல சாப்பாட்டுக்கு நேரம் உண்டு. மதியம் மூன்று மணிக்குப் பசித்தால் பாதிக் கதவுகள் மூடியிருக்கும். ஐந்தாவது, சுத்தம். இதற்கு ஊகமே தேவையில்லை. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் ஒவ்வொரு உணவுக்கடைக்கும் 0 முதல் 5 வரை சுகாதார மதிப்பெண் உண்டு. வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் அதை வாசலில் ஒட்டியே ஆக வேண்டும், இங்கிலாந்தில் கட்டாயமில்லை. 5 வாங்கியவர் ஒட்டாமல் இருப்பாரா என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் எண் கிடையாது, 'பாஸ்' என்றோ 'முன்னேற்றம் தேவை' என்றோதான் போட்டிருக்கும்.

சரி, ஒவ்வொன்றாக வருவோம்.

## மோட்டார்வே சர்வீசஸ்

சர்வீசஸ் என்பது மோட்டார்வே ஓரத்தில் சாப்பாடு, பெட்ரோல், கழிப்பறை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் நிறுத்தம். முதல் மோட்டார்வே சர்வீசஸ்களில் ஒன்றான வாட்ஃபோர்ட் கேப், எம்1 திறந்த அன்றைக்கே, 1959 நவம்பர் 2-ஆம் தேதி, தானும் திறந்தது. (லண்டன் பக்கத்து வாட்ஃபோர்ட் வேறு. இது நார்த்தாம்ப்டன்ஷையரில் உள்ள ஒரு குட்டி கிராமத்தின் பேர். ஊரிலிருந்து வந்தவர்கள் "இப்போதுதானே வாட்ஃபோர்ட் தாண்டினோம்?" என்று கேட்பார்கள்.) அந்தக் காலத்தில் சர்வீசஸ் என்றால் ஒரு பகட்டு. லங்காஸ்டர் சர்வீசஸில் 1965-இல் கட்டிய அறுகோணக் கோபுரம் இன்னும் நிற்கிறது. மேலே உணவகம், கண்ணாடி வழியே மோர்கம் விரிகுடா, பரிமாற ஆட்கள். 1989-இல் அதை மூடிவிட்டார்கள். இப்போது அது பாதுகாக்கப்பட்ட கட்டடம், மேலே போக முடியாது. கீழே வழக்கமான பர்கரும் காபியும்தான்.

பகட்டு போய்ச் சாப்பாட்டுக்குக் கெட்ட பேர் வந்தது. ஹங்கேரியில் பிறந்து லண்டனில் உணவக வழிகாட்டிகள் வெளியிட்ட ஈகான் ரோனே மோட்டார்வே சமையலைக் கடுமையாகத் திட்டியவர்களில் முக்கியமானவர். வாணலியில் காய்ந்த முட்டை, மஞ்சள் விளக்கின் கீழே வாடிய பட்டாணி என்ற அந்தக் காலம் பெரும்பாலும் போய்விட்டது. இன்றைக்குச் சர்வீசஸில் இருப்பவை ஊரில் எங்கும் பார்க்கும் சங்கிலிக் கடைகள்தான். மோட்டோ என்ற நிறுவனம் நடத்தும் இடங்களில் பெரும்பாலும் ஒரு எம் அண்ட் எஸ் கடை, வெல்கம் பிரேக் நிறுவனத்தின் இடங்களில் பல இடத்தில் வெய்ட்ரோஸ் கடை, அப்புறம் இரண்டு பர்கர் கடை, ஒரு காபிக் கடை. சுகாதாரத்தில் குறை சொல்ல மாட்டேன். ருசியும் ஊர்க் கடையில் இருப்பதேதான். விலைதான் வேறு.

ஏன் வேறு? இங்கிலாந்தின் விதிகள் சர்வீசஸ் நடத்துபவருக்குச் சில கடமைகளைச் சுமத்துகின்றன: வருடம் முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும், குறைந்தது இரண்டு மணி நேரம் இலவசமாக வண்டி நிறுத்த விட வேண்டும், எதுவும் வாங்காதவருக்கும் கழிப்பறை இலவசம். நடத்துவதோ தனியார். இந்த இலவசத்துக்கெல்லாம் காசு எங்கிருந்து வரும்? உங்கள் சாண்ட்விச்சிலிருந்துதான். அடுத்த சர்வீசஸ் 28 மைலுக்குள் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி, ஆனால் பின்சீட்டில் பிள்ளை "இப்பவே" என்று அழும்போது 28 மைல் என்பது வெளிநாடு. பசி வந்திடப் பத்தும் பறந்து போம் என்றாள் ஔவை. பதினொன்றாவதாகப் பறப்பது பர்ஸ்.

என் முடிவு இது: சர்வீசஸில் இலவசமாகக் கிடைப்பதுதான் அங்கே தரமானது. கழிப்பறை, குழந்தைக்குத் துணி மாற்ற இடம், வண்டி நிறுத்தம், நல்ல வெளிச்சம். இதையெல்லாம் கூச்சமில்லாமல் பயன்படுத்துங்கள், அது உங்கள் உரிமை. சாப்பாட்டை வேறு இடத்தில் வைத்துக்கொள்ள முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

மறைந்த செலவு இரண்டு. ஒன்று, பெட்ரோல். "வந்ததுதான் வந்தோம், அடித்துவிடுவோம்" என்று மோட்டார்வேயில் அடிக்கும் பெட்ரோலுக்கு ஊர் விலையைவிட லிட்டருக்குக் கணிசமாக அதிகம் கொடுப்பீர்கள். நிறைந்த டாங்கியோடு கிளம்புங்கள். இரண்டு, அந்த இரண்டு மணி நேரம். நுழையும்போதே கேமரா வண்டி எண்ணைப் பிடித்துவிடும். ஒருமுறை ஸ்காட்லாந்திலிருந்து திரும்பும்போது தூக்கம் தள்ளாடியது, ஒரு சர்வீசஸில் சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டேன். விழித்தபோது இரண்டு மணி 20 நிமிடம். பத்து நாள் கழித்துத் தபாலில் அபராதக் கடிதம் வந்தது. உடனே கட்டினால் தள்ளுபடி என்று பாதித் தொகையை வாங்கிக்கொண்டார்கள். நான் பிரிட்டனில் தூங்கிய தூக்கத்திலேயே விலை கூடியது அதுதான். அலாரம் வையுங்கள்.

எப்போது இதுவே சரி? இரவு பத்து மணிக்கு மேல். விடிகாலையில். மின்சாரக் காரை எப்படியும் 30, 40 நிமிடம் சார்ஜில் போட வேண்டியிருந்தால். குழந்தைக்குத் தெரிந்த பெட்டியில், தெரிந்த சிப்ஸ் இல்லாவிட்டால் ரகளை என்றால். மெக்டொனால்ட்ஸின் பிரெஞ்சு ஃபிரைஸ் பிரிட்டனில் சைவர்களுக்கும் ஏற்றது என்பது தாத்தா பாட்டிக்கும் ஒரு ஆறுதல்.

## டீபே வகைச் சர்வீசஸ்

மோட்டார்வேயிலேயே இருந்தும் மோட்டார்வே மாதிரி இல்லாத மூன்று இடங்கள் உண்டு. எம்6-இல் 38-ஆவது ஜங்ஷனுக்கும் 39-ஆவது ஜங்ஷனுக்கும் இடையே டீபே, எம்5-இல் குளோஸ்டர், எம்74-இல் கேர்ன் லாட்ஜ். மூன்றும் ஒரே குடும்ப நிறுவனமான வெஸ்ட்மர்லண்டின் கையில்.

டீபேயின் கதை எனக்குப் பிடிக்கும். கம்ப்ரியாவின் குன்றுகளில் ஆடு மாடு வளர்த்துக்கொண்டிருந்த ஜான் டனிங், பார்பரா டனிங் தம்பதியின் நிலத்தைக் கிழித்துக்கொண்டு எம்6 போனது. சாலை போகிற வழியில் நாமே ஒரு கஃபே வைப்போம் என்று 1972-இல் சின்னதாக ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் அங்கே சங்கிலிப் பர்கர் கடை கிடையாது. சமையல் அங்கேயே நடக்கிறது, ஒட்டினாற்போல் பண்ணைக் கடை, அதில் இறைச்சி வெட்டும் மேடையும் சீஸ் மேடையும். வடக்கே போகும் பக்கத்தில் ஒரு வாத்துக் குளம். சன்னலோரம் உட்கார்ந்தால் எதிரே குன்று. ஐந்து மணி நேரம் காரில் மடங்கிக் கிடந்த அம்மா, ஒரு கிண்ணம் சூப்பும் சூடான ரொட்டியும் முன்னால் வைத்துக்கொண்டு அந்த வாத்துகளைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காகவே நான் மறுபடி போவேன்.

ஆனால் மலிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தட்டின் விலை வழக்கமான சர்வீசஸை ஒட்டியோ சற்று மேலேயோதான் இருக்கும். வித்தியாசம், கொடுத்த காசுக்குத் தட்டில் ஏதோ இருக்கும். மறைந்த செலவு, அந்தப் பண்ணைக் கடை. சாப்பிட 50 பவுண்டு ஆனது என்றால், "சும்மா பார்ப்போம்" என்று உள்ளே நுழைந்து சீஸ், சட்னி, இஞ்சி ரொட்டி என்று இன்னொரு 30 பவுண்டு. கோடைச் சனிக்கிழமை மதியம் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதே பெரும்பாடு. பதினொன்றரைக்கு முன்னாலோ இரண்டரைக்குப் பின்னாலோ போய்ச் சேரும்படி கிளம்பினால் பாதித் தொல்லை குறையும்.

லண்டனிலிருந்து கிளம்பினால் டீபே முக்கால்வாசித் தூரத்துக்கு சற்று முன்னால் வருகிறது. காலை ஏழுக்குக் கிளம்பியவருக்கு மதியச் சாப்பாடு அங்கே என்பது அளவெடுத்துத் தைத்த மாதிரி. பத்து மணிக்குக் கிளம்பினால் அது மாலை டீயாகிவிடும், அதற்குள் பசி உங்களை வேறெங்காவது இறக்கிவிட்டிருக்கும்.

## ஜங்ஷனில் இறங்கி ஒரு பப்

"மோட்டார்வேயை விட்டு ஐந்து நிமிடம் போனால் அருமையான பப் இருக்கும்" என்பது பிரிட்டிஷ்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஆலோசனை. உண்மைதான். கட்டை உத்தரம் போட்ட கூடம், குளிர்காலமானால் கணப்பு, நாய் ஒன்று மேசைக்கடியில், தட்டு நிறைய மீனும் சிப்ஸும். ருசிக்கு மதிப்பெண் போட்டால் இதற்குத்தான் முதலிடம்.

ஐந்து நிமிடம் என்பதுதான் பொய். கிராமச் சாலையில் டிராக்டர் பின்னால் ஊர்ந்து, இடம் தேடி நிறுத்தி, பார் மேடைக்குப் போய் மேசை எண்ணைச் சொல்லி ஆர்டர் கொடுத்து (இங்கே உட்கார்ந்த இடத்துக்கு ஆள் வருவார் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருப்பீர்கள்), சமைத்து வந்து சாப்பிட்டு முடிக்க ஒன்றேகால் மணி நேரம் குறைந்தபட்சம்.

அதைவிடப் பெரிய கண்ணி, சமையலறையின் நேரம். பல கிராமப் பப்களில் மதியச் சமையல் 12 முதல் இரண்டரை வரை, மாலை ஆறு முதல் ஒன்பது வரை. ஷ்ராப்ஷையர் பக்கம் ஒரு பப்பில் இரண்டு முப்பத்தைந்துக்கு நுழைந்தோம். உள்ளே வறுத்த வெங்காய வாசனை இன்னும் ஆறவில்லை. பார் மேடையில் நின்ற அம்மா மிகவும் அன்பாக, "கிரிஸ்ப்ஸ் இருக்கிறது, கண்ணுகளா" என்றார். ஏழு பேருக்கு ஒன்பது பாக்கெட் கிரிஸ்ப்ஸ்தான் அன்றைய மதியச் சாப்பாடு. அதற்குப் பின் போன் பண்ணிக் கேட்காமல் நான் எந்தப் பப்பிலும் நுழைவதில்லை. ஞாயிறு ரோஸ்ட் (ஞாயிறு மதியம் பரிமாறும் வாட்டிய இறைச்சிச் சாப்பாடு) நேரமென்றால் முன்பதிவே செய்துவிடுவேன்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மெனுவில் 'வி' என்று போட்ட உணவு சரிதான், ஆனால் ஞாயிறு ரோஸ்ட்டில் கூட வரும் உருளைக்கிழங்கும் யார்க்ஷையர் புட்டிங்கும் மாட்டுக் கொழுப்பில் வெந்திருக்கலாம். கிரேவியையும் கேட்டுத்தான் ஊற்றிக்கொள்ள வேண்டும். இதேபோல் வடக்கே, குறிப்பாக யார்க்ஷையரில், பல மீன்-சிப்ஸ் கடைகள் சிப்ஸையே மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கின்றன. அவர்களுக்கு அது பெருமை. "வெஜிடபிள் ஆயிலா?" என்ற ஒரு கேள்வி போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஓட்டுபவருக்கும் ஒன்று: "சாப்பாட்டோடு ஒரு பைண்ட் மட்டும்" என்ற கணக்கு எல்லை தாண்டினால் மாறும். இங்கிலாந்தில் 100 மில்லி ரத்தத்துக்கு 80 மில்லிகிராம் ஆல்கஹால்தான் வரம்பு, ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் 50.

## ஏ ரோட்டு வேனும் லாரிக்காரர் கஃபேயும்

இது மோட்டார்வேயில் கிடையாது. ஏ1, ஏ5, ஏ9 மாதிரிச் சாலைகளின் ஓரத்து லே-பைகளில் (வண்டியை ஒதுக்கி நிறுத்தும் இடங்களில்) நிற்கும் வேன். கம்பத்தில் ஒரு கொடி பறக்கும், அதுதான் விளம்பரம். விடிகாலை ஆறரை, ஏழுக்குத் திறந்து பெரும்பாலும் மதியம் இரண்டுக்குள் மூடிவிடுவார்கள். இரும்புக் கல்லில் பேக்கன் சுருங்கிச் சத்தம் போடும், பக்கத்தில் வெங்காயம், ஓரத்தில் முட்டை. பன்னைப் பிளந்து அதே கல்லில் ஒரு அழுத்து. நீட்டுமுன் ஒரே கேள்வி: "ரெட் ஆர் பிரவுன்?" சிவப்பு என்றால் கெச்சப். பழுப்பு என்றால் பிரவுன் சாஸ், அதில் புளியும் பேரீச்சையும் இருப்பதால் நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். அந்தப் பன்னுக்குப் பேர்கூட ஊருக்கு ஊர் மாறும்: தெற்கே ரோல், மிட்லண்ட்ஸ் கிழக்கில் காப், லங்காஷையரில் பார்ம்.

ஆளுக்கு ஏறக்குறைய ஐந்து பவுண்டில் பசியாறி 15 நிமிடத்தில் மறுபடி சாலையில் இருக்கலாம். வேறெதுவும் இந்த வேகத்துக்குப் பக்கத்தில் வராது. கழிப்பறை இருக்காது, உட்கார இடம் இருக்காது, மழையென்றால் குடைக்குள் சாப்பாடு. முட்டை ரோல் கேட்கும் சைவருக்கு, முட்டை வெந்ததும் அதே கல்லில்தான் என்று தெரிந்திருக்க வேண்டும். சாசேஜ் என்றால் பன்றி. எல்லை தாண்டி ஸ்காட்லாந்தில் 'ஸ்கொயர் சாசேஜ்' என்றால் பெரும்பாலும் மாடு.

லாரி ஓட்டுநர்கள் போகும் டிரான்ஸ்போர்ட் கஃபே இதன் அண்ணன். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு என்பது அவர்களுக்குச் சட்டம், அதனால் அந்த 45 நிமிடத்தை வீணாக்கும் கஃபேயில் லாரிகள் நிற்காது. லாரி நிறைய நிற்கும் இடத்தில் நம்பி இறங்கலாம் என்ற பழைய கணக்கு இன்றும் செல்லும். ஏ5-இல் பாட்டர்ஸ்பரியில் உள்ள சூப்பர் சாசேஜ் பைக்காரர்களும் தேடிப் போகும் இடம்.

லிட்டில் செஃப் என்ற பழைய சாலையோர உணவகச் சங்கிலியை நினைத்து வருகிறவர்களுக்கு: 1958-இல் ரெடிங்கில் 11 இருக்கையோடு பிறந்து, ஒரு காலத்தில் நாடெங்கும் 400-க்கு மேல் கிளை பரப்பிய அந்தக் கடை, 2018-இல் முற்றாக மறைந்துவிட்டது. ஏ82-இல் டின்ட்ரம் ஊரில் பழைய லிட்டில் செஃப் கட்டடம் ஒன்றில் இப்போது ரியல் ஃபுட் கஃபே நடக்கிறது. கிளாஸ்கோவுக்கு மேலே ஹைலண்ட்ஸ் போகிறவர்கள் மீனும் சிப்ஸும் அங்கே சாப்பிடலாம்.

## சூப்பர்மார்க்கெட்

சாண்ட்விச், கொறிக்க ஒன்று, குடிக்க ஒன்று என்று சேர்த்து விற்கும் மீல் டீல் ஊர் சூப்பர்மார்க்கெட்டில் ஏறக்குறைய நாலு பவுண்டு. பொட்டலத்தில் பொருட்பட்டியல் முழுதாக அச்சடித்திருக்கும் என்பதால் ஒவ்வாமை உள்ளவருக்கும் சைவருக்கும் இதைவிடத் தெளிவான சாப்பாடு கிடையாது. சூடாக எதுவும் கிடைக்காது, அதுதான் குறை. ஜங்ஷனுக்கு ஒட்டிய பெரிய கடையாகப் பார்த்து வைத்துக்கொண்டால் பெட்ரோலும் அங்கேயே.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜாக்கிரதை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரிய கடைகள் ஞாயிறன்று காலை பத்து முதல் மாலை ஆறுக்குள் ஆறு மணி நேரம்தான் திறக்கலாம். காலை எட்டரைக்குப் போய் நின்றால் பூட்டுதான். ஸ்காட்லாந்தில் இந்தக் கட்டுப்பாடு இல்லை, மோட்டார்வே சர்வீசஸுக்கும் இல்லை.

## கட்டுச்சோறு

இதற்கு வக்காலத்து வாங்க ஆள் தேவையில்லை என்பதால் குறைகளையே முதலில் சொல்கிறேன்.

விடிகாலை ஆறுக்குக் கிளம்ப வேண்டுமென்றால் ஒருவர் நாலுக்கு எழ வேண்டும். அந்த ஒருவர் யார் என்று எல்லா வீட்டிலும் தெரியும். "செலவே இல்லை" என்று சொல்பவர் அந்த ஒருவராக இருப்பதில்லை. அடுத்து, வாடகைக் காரில் மஞ்சளெண்ணெய் கறை பட்டால் சுத்தம் செய்யக் கட்டணம் போடுவார்கள். மூன்றாவது, சர்வீசஸின் உள்மேசைகளில் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதியில்லை என்ற பலகை இருக்கும். வெளியே மர மேசைகள் உண்டு, மழை வந்தால் அதுவும் போச்சு, காருக்குள் மடியில் தட்டு.

சோற்றிலும் எச்சரிக்கை வேண்டும். வெந்த சோறு இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் மூடிக் கிடந்தால் வயிற்றைக் கெடுக்கும். புளியோதரையைப் புளி ஓரளவு காப்பாற்றும், ஆனால் அதையும் பரத்தி ஆறவிட்டுத்தான் டப்பாவில் அடைக்க வேண்டும். தேங்காய்ச் சட்னியை எடுக்கவே வேண்டாம். தயிர்சாதத்துக்கு ஊரில் ஒரு உத்தி உண்டல்லவா, பாலை நிறைய விட்டு ஒரு கரண்டி தயிர் கலந்தால் மதியத்துக்குள் புளிக்காமல் உறைந்துவிடும் என்று? ஏப்ரலில் ஒருமுறை செய்து பார்த்தோம். கார்லைலில் டப்பாவைத் திறந்தால் பால்சோறு. டிக்கியின் குளிரில் தயிர் வேலைக்கே வரவில்லை. இந்த நாட்டுக்கு நேரடியாகத் தயிரையே விட்டுப் பிசையுங்கள். இதையெல்லாம்விட, சப்பாத்திக்குள் உருளைக்கிழங்கு மசாலாவைச் சுருட்டித் தாளில் பொதிந்துகொண்டால் கை கழுவும் பிரச்சினைகூட இல்லை.

இவ்வளவு சொல்லியும், பெரியவர்கள் உடன் வந்தால் என் முதல் தேர்வு இதுதான். சர்க்கரை மாத்திரை போட்டவருக்குப் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்றால் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. வரிசை கிடையாது, மெனு கிடையாது, "இதில் என்ன போட்டிருக்கிறான்?" கிடையாது. கழிப்பறைக்கு சர்வீசஸ் இருக்கவே இருக்கிறது.

## நம் சாப்பாடே வேண்டுமென்றால்

எம்1-இல் 21-ஆவது ஜங்ஷனில் இறங்கினால் லெஸ்டர். பெல்கிரேவ் ரோட்டில் குஜராத்தி சைவ உணவகங்கள் வரிசையாக உண்டு. ஊருக்குள் போய் வர நெரிசலைப் பொறுத்து 40 நிமிடமாவது கூடும். பர்மிங்ஹாம் பக்கம் டிவிடேலில் உள்ள வெங்கடேஸ்வரர் கோயில் எம்5-இன் இரண்டாவது ஜங்ஷன் அருகில். எம்6-இலிருந்து சுற்று அதிகமில்லை. வார இறுதியில் தரிசனமும் தென்னிந்தியச் சாப்பாடும் ஒன்றாக முடியும். கோயில் நேரத்தை முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

நிமிடமும் பவுண்டும் நான்கு பேர் குடும்பத்துக்கு, என் அனுபவத்தில் ஆகும் தோராயக் கணக்கு.

| இடம் | மொத்த நிமிடம் | செலவு (பவுண்டு) | சைவருக்கு | மறைந்த செலவு | எப்போது சரி |
|---|---|---|---|---|---|
| மோட்டார்வே சர்வீசஸ் | 35–45 | 45–60 | சுமார் | பெட்ரோல், இரண்டு மணி நேரக் கேமரா | இரவு, விடிகாலை, மின்சாரக் கார் |
| டீபே வகை | 45–60 | 55–70 | நன்று | பண்ணைக் கடை | பெரியவர்களோடு நிதானப் பயணம் |
| பப் | 75–100 | 70–90 | கேட்டுச் சாப்பிடுக | பூட்டிய சமையலறை | அவசரமில்லாத நாள், பகல் 12–2 |
| லே-பை வேன் | 15–20 | 20–25 | திண்டாட்டம் | கழிப்பறை இல்லை | தனியாக ஓட்டும் காலை நேரம் |
| சூப்பர்மார்க்கெட் | 25–30 | 16–20 | தெளிவு | ஞாயிறு நேரம் | கையிருப்பு குறைவு, ஒவ்வாமை |
| கட்டுச்சோறு | 25 | சொற்பம் | முழு நிம்மதி | ஒருவரின் தூக்கம் | சின்னப் பிள்ளை, சர்க்கரை, கோடை |

## நான் இந்த ஜூலையில் செய்யப்போவது

வண்டியில் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் எழுபதைத் தாண்டியவர்கள், ஒருவர் சைவம். காலை ஆறரைக்குக் கிளம்புகிறோம். காலைச் சாப்பாடு இட்லியும் மிளகாய்ப்பொடியும், முதல் நாள் இரவே எண்ணெய் தடவி வைத்தது. அதனால் நாலு மணிக்கு யாரும் எழ வேண்டியதில்லை. வாட்ஃபோர்ட் கேப்பில் கழிப்பறை, வெளிமேசையில் இட்லி. அடுத்த நிறுத்தம் எம்6-இல் நட்ஸ்ஃபோர்ட் சர்வீசஸ், காபி மட்டும், அதுவும் ஃபிளாஸ்கிலிருந்து. மதியம் டீபே. இங்கேதான் காசை அவிழ்ப்பது. பண்ணைக் கடைக்குள் அப்பாவைத் தனியாக விடுவதில்லை என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது.

திரும்பும்போது டீபேக்குத் தெற்கே கில்லிங்டன் லேக் என்று ஒரு சர்வீசஸ், லண்டன் பக்கம் வருகிறவர்களுக்கு மட்டும்; வடக்கே போகும்போது அதில் நுழைய வழியே இல்லை. உள்ளே சாப்பாடு எல்லா இடத்தையும் போலத்தான். வெளியே ஏரியைப் பார்த்த மர மேசைகள் உண்டு. ஃபிளாஸ்கில் டீ மிச்சமிருக்க வேண்டும், அவ்வளவுதான்.